தணிகை வெயிலும் கணினிச் செயலியும்

சித்திரை, வைகாசி மாதங்களில் வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அன்றாட வெப்பப் பட்டியலைப் பார்ப்பவர்க்குத் திருத்தணி புதிய பெயர் அன்று. வேலூர், கரூர் பரமத்தி, ஈரோடு, மதுரை முதலிய ஊர்களோடு சேர்ந்து அதுவும் 40 பாகை செல்சியசைத் தாண்டி நிற்கும். கடல் மிகத் தொலைவில் இல்லை. ஆயினும் மேற்கிலிருந்து ஆந்திர நிலப்பரப்பைக் கடந்து வரும் வறண்ட காற்று வலுத்துவிட்டால், கடற்காற்று இவ்வூரை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூர் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. காற்றுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

கத்திரி வெயில் காயும் அந்நாள்களையொட்டியே முகூர்த்தங்களும் நெருங்கி வருகின்றன. மலைக்கோயிலில் தாலி கட்டி இறங்கும் மணமக்களின் ஒளிப்படங்களையும் நிகழ்படங்களையும் தொகுத்துத் தரும் நிலையங்களில், பிற்பகல் இரண்டு மணிக்குக் கணினிகள் முழுமூச்சாக உழைக்கின்றன. அத்தகைய கணினியைப் பெட்டியோடு வாங்குவோர் குறைவு. சென்னை ரிச்சி தெருவில் உறுப்பு உறுப்பாகத் தெரிந்தெடுத்து, புறநகர் மின்வண்டியில் கொண்டுவந்து, இங்கேயே பூட்டிக்கொள்வதே வழக்கம். செலவு குறையும், வேண்டிய திறனும் கிடைக்கும். ஆனால் பூட்டும்போது பின்பற்றும் அறிவுரைகள் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை வரையுள்ள அறைகளில் அளந்து சொல்லப்பட்டவை. இவ்வூரின் மாடியறைக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. எவ்வளவு திருத்திக்கொள்ள வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம், கணக்கு எளியதே.

செயலி என்பது விரல் நகத்தளவுச் சிலிக்கன் சில்லில் பொறிக்கப்பட்ட பலநூறு கோடி டிரான்சிஸ்டர்களின் தொகுதி. ஒவ்வொன்றும் திறந்து மூடும்போது நுண்ணிய மின்னேற்றம் ஒன்று நிரம்பி வடிகிறது. அதற்குச் செலவாகும் மின்திறன் மூன்றைப் பொறுத்தது: இயங்கும் பகுதியின் மின்கொள்ளளவு, மின்னழுத்தத்தின் இருபடி, நொடிக்கு எத்தனை முறை நிலை மாறுகிறது என்னும் அதிர்வெண். மின்னழுத்தம் இங்கே இருபடியாக வருவதை நினைவில் கொள்க, பின்னர்ப் பயன்படும். மூடிய நிலையிலும் சிறிது மின்னோட்டம் கசிகிறது. சில்லு சூடேறச் சூடேறக் கசிவு பெருகும். கசிவு பெருகினால் சூடு மேலும் ஏறும். இவ்வாறு உட்கொள்ளும் மின்திறன் முழுவதும் இறுதியில் வெப்பமே ஆகிறது. 100 வாட் வாங்கும் செயலி 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. கணக்குப் போட்டுத் தந்ததற்காக அதில் கழிவு எதுவும் கிடையாது.

இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்தது அன்று. 1989-இல் வெளிவந்த இன்டெல் 486 செயலியின் தொடக்கக் காலப் படிகள் விசிறியே இல்லாமல் ஓடின. 1993-இல் பென்டியம் வந்தபின் விசிறி நிலையான துணை ஆயிற்று. ஐபிஎம் நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்டும் கூட்டாளிகளும் 1974-இல் ஒரு விதியைக் காட்டியிருந்தனர்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால், ஒரு பரப்பில் தோன்றும் வெப்பம் கூடாது. ஏறத்தாழ முப்பது ஆண்டு அந்த விதி தொழிலைக் காத்தது. கசிவு மின்னோட்டம் அதை முறித்தது. 2004-இல் வந்த ‘பிரெஸ்காட்’ என்னும் பென்டியம் 4 தன் சூட்டுக்காகவே பெயரெடுத்தது. அதன் வாரிசாகத் திட்டமிட்ட ‘தேஜாஸ்’ அதே ஆண்டு மே மாதத்தில் கைவிடப்பட்டது. வேகத்தைக் கூட்டுவதை விட்டு, ஒரே சில்லில் பல உள்ளகங்களை (கோர்) அமைக்கும் வழிக்குத் தொழிலே திரும்பியதற்கு வெப்பம் முதற்காரணம்.

உள்ளகங்கள் பெருகின, வெப்பமும் திரும்பி வந்தது. 2022 அக்டோபரில் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே செயலி முழு ஓட்டத்தில் 253 வாட் வரை இழுக்கும். அதன் சில்லின் பரப்பு ஏறத்தாழ 257 சதுர மில்லிமீட்டர். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு வாட் அளவில் வெப்பம் எழுகிறது. உச்சிவெயில் நிலத்தின்மேல் பொழியும் ஆற்றல் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட்; சதுர சென்டிமீட்டருக்குப் பார்த்தால் வாட்டில் பத்தில் ஒரு பங்கு. மலைப்படியில் வெறுங்காலுடன் ஏறுவோரைத் துள்ள வைக்கும் வெயிலைப் போல் ஆயிரம் மடங்கு அந்தச் சில்லின்மேல் நொடிதோறும் எழுகிறது என்றால் மிகையில்லை. எல்லாச் செயலியும் இப்படி அன்று. 65 வாட் வகுப்பைச் சேர்ந்தவையே வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் போதும்.

‘கம்ப்யூட்டர் சூடாகி எரிந்துவிடுமா’ என்று கேட்போர் பலர். எரியாது. இக்காலச் செயலியினுள் வெப்பமானிகள் பதிக்கப்பட்டுள்ளன. இன்டெல் செயலிகள் பலவற்றில் 100 பாகையும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் 95 பாகையும் எல்லை. அந்த எல்லையைத் தொட்டதும் செயலி தானே தன் அதிர்வெண்ணைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினியை நிறுத்திவிடும். ஆகவே இழப்பு ஓசையின்றி நேர்கிறது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி மே மாதப் பிற்பகலில் காணாமற்போகிறது. உரியவர் மென்பொருளின்மேல் பழி போடுகிறார். செயலிக்கு அருகிலிருக்கும் உறுப்புகளுக்கோ அத்தகைய தற்காப்பு இல்லை. தாய்ப்பலகையிலும் மின்வழங்கியிலும் உள்ள மின்பகு நீர்ம மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை ஏறுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் நெடுநாள் விதி. வெயிலூர்களில் செயலிக்கு முன் மின்வழங்கி சாவதன் காரணம் இதுவே.

இனி, சில்லில் தோன்றும் வெப்பம் எவ்வழியே வெளியேறுகிறது என்று பார்ப்போம். சில்லிலிருந்து அதன் மேலுள்ள செப்பு மூடிக்கு; மூடியிலிருந்து வெப்பப் பசை வழியே தணிப்பியின் (சி.பி.யூ. கூலர்) அடித்தகட்டுக்கு; அங்கிருந்து வெப்பக் குழாய்கள் வழியே மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு; தகடுகளிலிருந்து விசிறி தள்ளும் காற்றுக்கு; அந்தக் காற்று கணினிக் கூட்டை விட்டு அறைக்கு; அறையிலிருந்து வெளிக்கு. ஒவ்வொரு கட்டமும் ஒரு தடை. ஆடிக் கிருத்திகையன்று காவடிகளோடு மலையேறும் கூட்டத்துக்கு 365 படிகளும் எவ்வளவு அகலமாயிருந்தாலும், மேலே உள்ள குறுகிய வாயில்தான் வரிசையின் வேகத்தை முடிவு செய்யும். வெப்பத்துக்கும் அப்படியே. மற்ற கட்டங்களில் எத்தனை செலவு செய்தாலும், மிகக் குறுகிய கட்டத்தைத் திருத்தாதவரை பயன் சிறிது. நம் ஊரில் அந்தக் குறுகிய வாயில் எது என்று கேட்டால், பெரும்பாலானோர் பசையையோ தணிப்பியையோ சுட்டுவர். உண்மையில் அது கடைசி இரண்டு கட்டங்களில் இருக்கிறது.

இருந்தாலும் பசையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அதைச் சுற்றிக் கட்டுக்கதைகள் மிகுதி. பளபளவென்று தோன்றும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் அவை சில மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. எஞ்சிய இடமெல்லாம் காற்று. காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, பாகைக்கு 0.026 வாட், பசையினது 5 முதல் 10 வரை, செம்பினது 400. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமனுள்ள இடைவெளி 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இருப்பதாகக் கொள்வோம். அதில் 5 அலகு கடத்துதிறனுள்ள பசை நிறைந்திருந்தால் 100 வாட் வெப்பம் கடக்க 1 பாகை வேறுபாடு போதும். வெறுங்காற்று நிறைந்திருந்தால் 190 பாகைக்கு மேல் வேண்டும். இடைவெளியை நிரப்புவதே பசையின் வேலை என்பது இதனால் விளங்கும். உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் பசை புகுந்தால் கேடுதான்; அதனால் பட்டாணியளவே போதும், தணிப்பியின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். மிக விலையுயர்ந்த பசைக்கும் நடுத்தரப் பசைக்கும் உள்ள வேறுபாடு சில பாகைகளுக்குமேல் போகாது. அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் நெகிழித்தாளை உரிக்க மறந்து பூட்டிவிடுவதற்கும் உரித்துப் பூட்டுவதற்கும் உள்ள வேறுபாடோ பல பத்துப் பாகைகள். கணினி பழுதுபார்ப்போர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அடிக்கடியும் சொல்வார்கள். ‘லிக்விட் மெட்டல்’ என்று விற்கும் காலியக் கலவையை அலுமினிய அடித்தகட்டில் தடவவே கூடாது. காலியம் அலுமினியத்தினுள் ஊடுருவி அதை உதிர்த்துவிடும்.

தணிப்பியில் வியப்புக்குரிய உறுப்பு வெப்பக் குழாய். பார்வைக்கு அது வளைத்த செப்புக் கம்பிபோல் இருக்கும். உள்ளே கம்பி இல்லை. காற்றை வெளியேற்றிய செப்புக் குழாயில் சிறிதளவு நீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் மிகக் குறைந்திருப்பதால் அந்த நீர் 40, 50 பாகையிலேயே ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்கு விரைந்து, தகடுகளில் வெப்பத்தைக் கொடுத்து நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் பூச்சின் வழியே திரும்பி ஊர்ந்து வருகிறது. 40 பாகையில் ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 சூல் ஆற்றல் வேண்டும். எனவே 100 வாட் வெப்பத்தைச் சுமக்க நொடிக்கு 42 மில்லிகிராம் நீர் ஆவியானால் போதும், ஏறத்தாழ ஒரு துளி. இக்கருத்துக்கு அமெரிக்கரான ரிச்சர்டு காக்லர் 1944-இல் காப்புரிமை பெற்றார், பயன்படுத்துவார் இல்லை. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளிப் பயன்பாட்டை எண்ணி அதை மீண்டும் கண்டார். அசையும் உறுப்பு எதுவும் இல்லாத, மின்சாரம் வேண்டாத அந்தக் கருவி இன்று ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்த் தணிப்பிகளுக்கு அடுத்த படியிலேயே கிடைக்கிறது.

தகடுகளுக்குக் கறுப்பு வண்ணம் பூசினால் வெப்பம் கதிர்வீச்சாக வெளியேறும் என்று விற்பவர்கள் சொல்லக்கூடும். 60 பாகையிலுள்ள கரும்பரப்பு, 40 பாகைச் சூழலுக்கு ஒரு சதுர மீட்டரிலிருந்து 150 வாட் அளவே கதிர்வீசும். கோபுரத் தணிப்பி ஒன்றின் வெளிப்பரப்பு அதில் பதினைந்தில் ஒரு பங்குதான். ஆகப் பத்து வாட். வண்ணம் அழகுக்கு, வெப்பத்தைக் கொண்டுபோவது காற்று.

கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டோம். தணிப்பி செயலியின் வெப்பநிலையை நிர்ணயிப்பதில்லை. செயலிக்கும் சுற்றுக்காற்றுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே நிர்ணயிக்கிறது. ஒரு வாட்டுக்கு எத்தனை பாகை வேறுபாடு என்பது அதன் வெப்பத் தடை. சில்லிலிருந்து காற்றுவரை மொத்தத் தடை வாட்டுக்கு 0.35 பாகை எனவும், செயலி 120 வாட் இழுப்பதாகவும் கொள்வோம். பெருக்கினால் 42 பாகை. அறை 22 பாகையில் இருந்து, கூட்டினுள் காற்று இன்னும் 5 பாகை ஏறியிருந்தால், செயலி 69 பாகையில் நிற்கும். இதைப் பார்த்துத்தான் ‘நல்ல தணிப்பி’ என்று எழுதுகிறார்கள். அதே கணினியைத் திருத்தணியில் தளத்துக்கு நேர்க்கீழே உள்ள 40 பாகை அறையில் வைத்தால் 87 பாகை. குறை எதுவும் இல்லை, ஊர்தான் வேறு.

இப்போது தூசியைச் சேர்ப்போம். தகடுகளின் இடுக்கில் பஞ்சுத்தூசி படிந்து தடை 0.45 ஆகிறது என்க. குளிர்ந்த அறையில் 27 உடன் 54 சேர்ந்து 81, யாரும் கவனிக்கமாட்டார்கள். இங்கே 45 உடன் 54 சேர்ந்து 99. செயலி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் விளிம்பு. ஒரே அளவு தூசி ஓரிடத்தில் பொருட்டே இல்லை, மற்றோரிடத்தில் முடக்கிவிடுகிறது. திருத்தணி வட்டாரத்தில் தூசிக்குப் பஞ்சமும் இல்லை. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையோரக் கடைகளில் புழுதி; பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் விசைத்தறிக் கூடங்களின் நூற்பஞ்சு. நூற்பஞ்சு மற்றத் தூசியினும் பொல்லாதது. இழை இழையாகத் தகடுகளின் வாயில் ஒட்டிக் கம்பளிபோல் நெய்துகொள்ளும். கடைகளில் கல்லாவுக்கு மேலே சாமி படமும் அதன் கீழே கணினியும் இருப்பது வழக்கம். ஊதுவத்திப் புகையின் பிசுபிசுப்பு தூசியைப் பிடித்து வைக்கும் பசையாகிவிடுகிறது. சாமி படத்தை அசைக்கச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. கணினியைத் தள்ளி வைக்கலாம்.

கூட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் இளைஞர்கள் மிகுதியாக ஏமாறுகிறார்கள். கடையில் கேபினெட் என்று கேட்டால், முன்புறம் முழுதும் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்குகள் சுழலும் கூடுகளை முதலில் எடுத்துவைப்பார்கள். கண்ணாடி வழியே காற்று வராது. கணினி முழுவதும் 200 வாட் வெப்பம் வெளிவிடுகிறது, உள்காற்று அறையைவிட 10 பாகைக்குமேல் ஏறக்கூடாது என்றால், நொடிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் காற்று அதனூடே ஓடியாக வேண்டும். 120 மில்லிமீட்டர் விசிறி தடையில்லாத வெளியில் அதற்குச் சற்று மேல் தள்ளும். தூசிவலைக்குப் பின்னால், குறுகிய பிளவின் வழியே இழுக்கச் சொன்னால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். போதாததற்கு 40 பாகைக் காற்று 25 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. அதே விசிறி அதே சுழற்சியில் அந்த அளவு குறைவான வெப்பத்தையே சுமக்கும். ஆகவே முன்முகம் முழுவதும் துளைவலையாக உள்ள கூடு, முன்னால் இரண்டு விசிறிகள் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள: இவ்வளவே வேண்டும். உள்ளிழுப்பது வெளித்தள்ளுவதைவிடச் சற்று மிகுந்தால் கூட்டினுள் அழுத்தம் கூடி, வலையில்லாத இடுக்குகள் வழியே தூசி நுழைவதும் குறையும். பணம் குறைவாக இருந்தால் தணிப்பியில் மிச்சம் பிடியுங்கள், கூட்டில் வேண்டா.

கூடு நல்லதாக அமைந்தும் அதைக் கணினி மேசையின் கீழ்ப்பெட்டியில் கதவடைத்து வைப்பவர்களை என்னவென்பது? தான் வெளிவிட்ட வெந்த காற்றையே கணினி மீண்டும் இழுத்துக்கொள்கிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரைக்குச் சற்று உயரே வைத்தாலே பல பாகைகள் இறங்கும்.

நீர்க்குளிர்ப்பியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நீர், பருமனுக்குப் பருமன் காற்றைவிட 3,500 மடங்குக்கு மேல் வெப்பம் சுமக்க வல்லது. பெருங்கணினிகளுக்கு அது இன்றியமையாதது. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ என்னும் மீத்திறன் கணினி 838 டெராஃப்ளாப்ஸ் திறனுடையது. அது திரவத்தைச் செயலிகளோடு ஒட்டிய தகடுகளுக்கே நேரே கொண்டுசெல்லும் குளிர்ப்பு முறையில் அமைந்தது. நூற்றுக்கணக்கான செயலிகள் நெருங்கி அடுக்கப்பட்ட இடத்தில் காற்றுக்கு வழியில்லை; அங்கே நீர் முறை அறிவுடைமை. மேசைக் கணினியில் நிலைமை வேறு. அங்கும் நீர் இறுதியில் தன் வெப்பத்தை அறைக்காற்றிடமே கொடுக்க வேண்டும். 40 பாகை அறையில் எந்த நீர்க்குளிர்ப்பியும் 40-க்குக் கீழே இறங்காது. 250 வாட் இழுக்கும் செயலி வைத்திருப்போர் வாங்கட்டும். மற்றவர்க்கு இரட்டை விசிறிக் கோபுரத் தணிப்பியே மேல் என்பது என் முடிபு. அதில் பழுதாகக் கூடியது விசிறி ஒன்றே. அது போனால் உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ளலாம். நீர்க்குளிர்ப்பியில் இறைப்பி நின்றால் முழுவதையும் தூக்கியெறிய வேண்டும். குழாய்ச் சுவர் வழியே நீர் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைவதும் உண்டு. வெயிலூரில் அது விரையும்.

தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றுக்கு முதற்கணினி அரசின் விலையில்லா மடிக்கணினியாக வந்தது. அத்திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருத்தணி அமைந்த இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கியது. மடிக்கணினியின் வெப்ப வழியை உற்பத்தியாளர் முடிவு செய்து மூடிவிடுகிறார். மெத்தைமேல் வைக்காமலிருப்பது தவிர நம்மால் செய்யக்கூடியது சிறிது. மேசைக் கணினியைத் தாமே பூட்டுவோர்க்கு அந்த வழி முழுவதும் கைவசம் இருக்கிறது. இந்த உரிமையை வண்ண விளக்குகளில் செலவிடுவதுதான் வருத்தம்.

அறையைக் குளிர்விப்பது எல்லாவற்றிலும் நேரான வழி. குளிர்பதனக் கருவி இருந்தால் பேச்சே இல்லை. ஒரு டன் கருவி 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்ற வல்லது. கணினியின் 300 வாட் அதற்கு ஒரு சுமையன்று. ஏர் கூலர் வைத்திருப்போர்க்கும் கோடையில் நல்ல பயன் உண்டு. 40 பாகையும் 25 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை நீராவிப்பால் ஏறத்தாழ 24 பாகைவரை இறக்கலாம் என்பது கோட்பாட்டின் எல்லை. நடைமுறையில் அதன் பாதி கிடைத்தாலும் செயலி 8 பாகை இறங்கிவிடும். சன்னலைத் திறந்து வைத்தால்தான் இது நடக்கும். மூடிய அறையில் ஈரம் நிரம்பி ஆவியாதல் நின்றுபோகும். ஈரக்காற்றால் கணினியினுள் நீர் துளிர்க்குமோ என்று அஞ்ச வேண்டா. சூழ்காற்றைவிடச் சூடான பொருளின்மேல் நீர் துளிர்ப்பதில்லை. ஓடும் கணினியின் ஒவ்வோர் உறுப்பும் அறையைவிடச் சூடானது. கூலரின் வாயிலிருந்து தெறிக்கும் துளிகள் மட்டும் படாதவாறு தள்ளி வையுங்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு தாய்ப்பலகைக்கு ஆகாது.

காசில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. கற்காரைத் தளம் பகலில் குடித்த வெயிலை மாலையிலும் முன்னிரவிலும் அறைக்குள் கக்குகிறது. மாடியறையின் உச்ச வெப்பம் வெளியிலுள்ள உச்சத்துக்குச் சில மணி நேரம் பிந்தி வருவதால், ‘வெயில் தாழட்டும்’ என்று மாலை ஆறு மணிக்கு நீண்ட வேலையைத் தொடங்குவதில் ஆதாயமில்லை. விடியற்காலை நான்கு மணி முதல் ஒன்பது மணிவரைதான் தளமும் காற்றும் ஒருசேரத் தணிந்திருக்கும். மணிக்கணக்கில் ஓடும் நிகழ்பட ஏற்றுமதியை அந்நேரத்துக்குத் தானே தொடங்குமாறு அமைத்துவிட்டு உறங்கப் போகலாம்.

மின்னழுத்தத்தின் இருபடியை நினைவில் கொள்ளச் சொன்னேன். அதிர்வெண்ணை 12 விழுக்காடு குறைத்து, அதனால் இயலும் அளவுக்கு மின்னழுத்தத்தையும் 12 விழுக்காடு குறைத்தால், 0.88-ஐ மும்முறை பெருக்கிய அளவு, அதாவது 0.68 பங்கு திறனே செலவாகும். 120 வாட் 82 வாட் ஆகிறது. மேற்கண்ட 0.35 தடையிலேயே செயலி 87-இலிருந்து 74 பாகைக்கு இறங்கும். இதே இறக்கத்தைத் தணிப்பியை மாற்றிப் பெற வேண்டுமானால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். எட்டில் ஒரு பங்கு வேகத்தைக் கொடுத்து மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தை விலக்கும் இந்தப் பேரம் தாய்ப்பலகையின் தொடக்க அமைப்புத் திரையிலேயே, பயாஸ் பக்கத்தில், இருக்கிறது. ரைசன் செயலிகளில் ‘ஈக்கோ மோடு’ என்ற பெயரில் காண்பீர்கள்; இன்டெல்லில் மின்திறன் எல்லை என்று இரண்டு எண்கள் இருக்கும். தாய்ப்பலகை செய்வோர் சிலர், சோதனைப் பட்டியல்களில் முந்துவதற்காக அவ்வெண்களை அளவுக்குமேல் உயர்த்தியே அனுப்புகிறார்கள். செயலி உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு அவற்றை இறக்கி வைப்பது திருத்தணியில் கணினி பூட்டுவோர் செய்ய வேண்டிய முதல் வேலை. சித்திரை தொடங்கி ஆனி முடியும்வரை அதற்கும் கீழே வைத்துக்கொண்டு, ஐப்பசி மழையில் மீண்டும் உயர்த்திக்கொள்வோரும் உளர். அது சாலச் சிறந்தது.

மின்வெட்டின்போது விசிறி நின்றுவிடுமே, செயலி வெந்துவிடாதா என்பதும் கேட்கப்படும் கேள்வி. மின்சாரம் நின்றால் வெப்பம் தோன்றுவதும் அக்கணமே நிற்கிறது. எஞ்சிய சூட்டைத் தணிப்பியின் உலோகமே வாங்கிக்கொள்ளும். அஞ்ச வேண்டியது வெட்டுக்கு அன்று. விசிறி மட்டும் தேய்ந்து நின்று கணினி ஓடிக்கொண்டிருப்பதற்கே. விசிறி கரகரவென்று குரல் மாறினால் மாற்றிவிட வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான்.

ஆண்டுதோறும் பங்குனி முடிவதற்குள் கூட்டைத் திறந்து தகடுகளையும் தூசிவலையையும் தூய்மை செய்யுங்கள். தறிக்கூடத்துக்கு அருகில் இருப்போர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மின்வடத்தைக் கழற்றிய பிறகு மென்தூரிகையும் காற்று ஊதியும் போதும். ஊதும்போது விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் ஊதும் காற்றே அதை அளவு கடந்த வேகத்தில் சுழற்றி, அச்சுத்தாங்கியைத் தேய்த்துவிடும்.